ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது சரி, எந்த வாசல் வழியாக?

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை, மலை ஏறினால் ஆரியங்காவு. 2017 ஜூலை 1-க்கு முன்னால் இந்தப் பாதையில் கேரளத்துக்குச் சிமென்ட் ஏற்றிப்போன லாரிக்காரரைக் கேட்டால் தெரியும், வரி செக்போஸ்ட்டில் பில்லைக் காட்டி முத்திரை வாங்குவதற்குள் பொழுது எப்படிப் போகும் என்று. ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிக் கியூ போனது. ஆர்டிஓ சோதனை உண்டு. பறவைக் காய்ச்சல் வந்தால் கோழி வண்டியை மறிப்பார்கள். வரிக்காக மட்டும் யாரும் நிற்பதில்லை.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன கதையில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு சொற்களுக்கு இந்த மலைச்சாலையிலேயே பொருள் சொல்லிவிடலாம். தூத்துக்குடி துறைமுகத்தில் சுங்கம் கட்டி இறக்கிய சரக்குக்குக் கொல்லத்தில் மறுபடி சுங்கம் கிடையாது. அது சுங்க ஒன்றியம். எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண் போட்ட மிக்சர் பாக்கெட் புனலூர்க் கடையிலும் விற்கும். ஆலங்குளத்து ஆள் அங்கே வேலைக்குச் சேர அனுமதிச்சீட்டு வேண்டாம். அது ஒற்றைச் சந்தை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் அந்த நாட்டு விவாதத்தில் பாதி கெட்டது.

இதற்கு விலையும் உண்டு. விற்பனை வரியைத் தானே முடிவு செய்யும் உரிமையைத் தமிழ்நாடு ஜிஎஸ்டி கவுன்சிலிடம் கொடுத்தது. அங்கே ஒன்றிய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று வேண்டும். 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அதிமுக வெளிநடப்பு செய்தது இந்த உரிமைக் கணக்கில்தான். பெட்ரோல், டீசல், மதுபானம் மூன்றையும் மாநிலங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. லண்டனில் ‘இறையாண்மை’ என்று முழங்கியதும் இதே வழக்குத்தான், அளவு பெரிது.

2016 ஜூன் 23 பிரிட்டன் வாக்கெடுப்புச் சீட்டில் இருந்த பதில்கள் இரண்டே: இருப்பது, விலகுவது. விலக 51.9 சதவீதம், இருக்க 48.1, வாக்குப்பதிவு 72.2. இங்கிலாந்தும் வேல்ஸும் விலகச் சொன்னன. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் இருக்கச் சொன்னன. இருப்பது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். விலகுவது என்பதற்குக் குறைந்தது நாலு அர்த்தம். பட்டிமன்றத்தில் எதிரணியில் ஐந்து பேர் உட்கார்ந்து ஐந்து தலைப்பில் பேசிய மாதிரி.

இருந்திருந்தால்? பிரிட்டன் யூரோவுக்குள் இல்லை, பாஸ்போர்ட் இல்லாப் பயணம் தரும் ஷெங்கனுக்குள்ளும் இல்லை. 1984 முதல் சந்தாவில் தள்ளுபடி வேறு வாங்கியது. வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று விலகுவோர் அணி பேருந்தில் எழுதி ஓட்டினார்களே, அந்தத் தொகை தள்ளுபடியைக் கழிக்காதது. தவறான எண்ணத்தைத் தருகிறது என்று அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையமே கண்டித்தது. இருப்போர் பக்கமும் சுத்தமில்லை. விலக ஓட்டுப் போட்டாலே உடனே பொருளாதாரம் சுருங்கும் என்று 2016 மே மாதம் நிதியமைச்சகம் மிரட்டியது, அப்படி நடக்கவில்லை. ஐரோப்பியர் வந்து வேலை பார்ப்பதற்கு உச்சவரம்பு போட முடியாது என்ற நிஜமான குறைக்கு இருப்போர் அணி கடைசிவரை நேர் பதில் சொல்லவில்லை.

நார்வே வழி. 1972-இலும் 1994-இலும் ஒன்றியம் வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட நாடு அது. ஆனாலும் ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனோடு சேர்ந்து ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது. மீனையும் வேளாண்மையையும் தனியே வைத்துக்கொண்டது, நம் மாநிலங்கள் பெட்ரோலை வைத்துக்கொண்ட மாதிரி. பணம் கட்ட வேண்டும், ஆட்கள் வந்துபோக விட வேண்டும், விதிகளை ஏற்க வேண்டும். அவற்றை எழுதும் மேசையில் ஓட்டு கிடையாது. சுங்க ஒன்றியத்தில் இல்லாததால் சுவீடன் எல்லையில் லாரி சுங்கப் படிவம் காட்டியே போகும். தொழிலுக்குச் சேதம் குறைவான வாசல் இதுதான். ஆனால் ஆள் வரத்தைக் குறைக்கத்தான் ஓட்டுப் போட்டேன் என்பவருக்கு இது விலகலே இல்லை.

சுவிட்சர்லாந்து நூற்றுக்கு மேற்பட்ட தனித்தனி ஒப்பந்தங்களால் ஒட்டவைத்த ஏற்பாடு. அதை இன்னொருவருக்குத் தர பிரஸ்ஸல்ஸ் தயாராக இல்லை, பேச ஒன்றுமில்லை.

துருக்கி வழி, அதாவது சுங்க ஒன்றியம் மட்டும், 1995 டிசம்பர் 31 முதல் நடப்பது. தொழிற்சாலைப் பொருளுக்குச் சுங்கம் இல்லை, வேளாண் பொருளுக்கு உண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒன்றியம் மூன்றாவது நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டால் அந்நாட்டுச் சரக்கு குறைந்த சுங்கத்தில் துருக்கிக்குள் நுழைந்துவிடும். துருக்கிச் சரக்குக்கு அங்கே அந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. பிரிட்டன் இதை எடுத்திருந்தால் இந்தியாவோடு 2025 ஜூலையில் தனியாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு இடமே இருந்திருக்காது.

கனடா வழியில்தான் பிரிட்டன் கடைசியில் வந்து நின்றது. கனடா ஒன்றியத்தோடு வர்த்தக ஒப்பந்தத்துக்கு 2009-இல் பேச்சைத் தொடங்கி 2016 அக்டோபரில் கையெழுத்திட்டது. பிரிட்டன் 2020 டிசம்பர் 30-இல் கையெழுத்திட்டு, ஒரு நாள் இடைவெளியில் 2021 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. சுங்கம் பூஜ்யம், அளவுக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் அந்தப் பூஜ்யம் பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவான பொருளுக்கு மட்டும். இங்கேதான் தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

பின்னலாடைக் கன்டெய்னர் ஒன்று இங்கிருந்து பிரிட்டன் கிடங்குக்குப் போகிறது என்று வையுங்கள். பழைய நாளில் அங்கே ஒரு தடவை சுங்கம் கட்டினால் டப்ளினுக்கும் பெர்லினுக்கும் அப்படியே பிரித்து அனுப்பலாம். இப்போது பிரிட்டனில் கட்டியது பிரிட்டனோடு சரி. டப்ளினுக்குப் போகும் பெட்டி இந்தியாவில் உருவானதாதலால் ஒன்றியத்தின் சுங்கம் மறுபடி விழும்; ஆடைகளுக்கு வழக்கமான விகிதம் பெரும்பாலும் 12 சதவீதம். தப்பிக்க இரண்டு வழி. பிரிட்டனில் சுங்கம் கட்டாமலே பாண்ட் கிடங்கில் வைத்து, அங்கிருந்து ட்ரான்ஸிட்டில் அனுப்புவது ஒன்று. தூத்துக்குடியிலேயே சரக்கை இரண்டாகப் பிரித்து, பிரிட்டனுக்கு ஒரு பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு), நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்கு ஒன்று என்று போடுவது மற்றொன்று. இரண்டாவதற்கு இன்வாய்ஸும் தனி, இறக்குமதியாளரின் சுங்கப் பதிவு எண்ணும் தனி. பிரிட்டன் எண் ஒன்றியத்தில் செல்லாது. சரக்கு சிறிதானால் முதல் வழியின் கிடங்கு வாடகை லாபத்தைத் தின்றுவிடும்.

ஒப்பந்தமே இல்லாமல் போவது கடைசி வாசல். உலக வர்த்தக அமைப்பின் விகிதம்: காருக்கு 10 சதவீதம், ஆட்டிறைச்சிக்கு 40-ஐத் தாண்டும். வேல்ஸ் ஆட்டுக்காரர் கணக்கு அதோடு முடிந்திருக்கும்.

எல்லா வழியையும் கெடுத்தது அயர்லாந்து எல்லை. ஒரு பக்கம் ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்து, மறுபக்கம் பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்து. நமக்கும் கேரளத்துக்கும் நடுவே மலை இருக்கிறது, கணவாய்கள் சில. அங்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வயலும் சாலையும், கடக்கும் இடங்கள் 200-க்கு மேல். செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது கோடு நகர்ந்ததே தவிர, ஒரே நாடு என்பதால் சுங்கச் சுவர் எழவில்லை. அயர்லாந்தில் செக்போஸ்ட் என்றால் துப்பாக்கியேந்திய சிப்பாய் ஞாபகம் வரும். அதை அகற்றியது வட அயர்லாந்து மோதலை முடித்த 1998 ஒப்பந்தமும் அதை ஒட்டிய அமைதியும். பிரிட்டன் முழுக்க ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட வேண்டும், அயர்லாந்து நிலத்தில் சோதனை கூடாது, பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே கடலிலும் சோதனை கூடாது. இந்த மூன்றில் இரண்டுதான் ஒருசேர நடக்கும். மூன்றாவதைக் கைவிட்டார்கள். சரக்குச் சோதனை பெல்ஃபாஸ்ட், லார்ன் துறைமுகங்களுக்குப் போனது. பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட 2023 வின்ட்சர் ஏற்பாட்டில் வட அயர்லாந்தோடு நிற்கும் சரக்குக்குப் பச்சைப் பாதை, தாண்டிப் போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை.

நம்மூர் ஆட்களுக்கு இதில் வேறொரு கணக்கு. அங்கே குடியிருந்த காமன்வெல்த் நாட்டவருக்கு அந்த வாக்கெடுப்பில் ஓட்டு இருந்தது. இந்திய பாஸ்போர்ட்டோடு லண்டனில் வேலை பார்த்த திருநெல்வேலி நர்ஸ் ஓட்டுப் போடலாம். பக்கத்து வார்டு பிரெஞ்சு நர்ஸ் போட முடியாது. 2021 முதல் புதிதாக வரும் இரு நாட்டவருக்கும் ஒரே புள்ளி முறை விசா. விளைவு, நிகரக் குடியேற்றம் ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது, பெரும்பாலும் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து. பிறகு கதவைச் சாத்தத் தொடங்கினார்கள்: 2024 மார்ச் முதல் முதியோர் பராமரிப்புப் பணியாளர் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது, 2025 ஜூலையில் அந்தப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நின்றது. மருத்துவமனை நர்ஸ் வேலை வேறு, பராமரிப்புப் பணி வேறு. இன்னமும் இரண்டையும் ஒன்றென்று சொல்லிப் பணம் கேட்கும் ஏஜென்டிடம் பணி எந்த வகை என்று எழுதி வாங்குங்கள்.

வாசல்களை எப்போது ஒப்பிட்டார்கள் தெரியுமா? ஓட்டு முடிந்து இரண்டே முக்கால் ஆண்டு கழித்து. 2019 மார்ச் 27-இல் நாடாளுமன்றத்தில் எட்டு யோசனைகளை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஒன்றுக்கும் பெரும்பான்மை இல்லை. ஏப்ரல் 1-இல் சுங்க ஒன்றிய யோசனை 273-க்கு 276 என்று மூன்று ஓட்டில் தோற்றது. நியூசிலாந்து இதைவிடச் சிறிய விஷயத்துக்கு, தேர்தல் முறையை மாற்றலாமா என்பதற்கு, 1992-இல் ஒரே சீட்டில் இரண்டு கேள்வி கேட்டது: மாற்றலாமா? மாற்றினால் இந்த நாலில் எது? அதில் முந்திய முறையை அடுத்த ஆண்டு பழைய முறையோடு நேருக்கு நேர் நிறுத்தி மறுபடி ஓட்டெடுத்தார்கள். புது முறை வென்றது. எது வரப்போகிறது என்று தெரிந்துதான் ஓட்டுப் போட்டிருந்தார்கள்.