தேக்கடி டூரில் 'ஃபுட் டீடாக்ஸ்' (பாதம் வழியாக நச்சு எடுப்பது) என்று கூப்பிட்டால் உஷார்

தேக்கடி, மூணாறு பக்கம் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படித்துவிடுங்கள். குமுளிக் கடைவீதியில் எங்களுக்கு ஒரு மெஷினைக் காட்டினார்கள். டப்பில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் காலை வைத்து உட்கார்ந்தால் உடம்பில் இத்தனை வருஷமாகச் சேர்ந்த நச்செல்லாம் பாதம் வழியாக இறங்கித் தண்ணீர் பழுப்பாகிவிடுமாம். தண்ணீர் பழுப்பாவது நிஜம்தான். ஆனால் யார் கால் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது பழுப்பாகும்.

பையனுக்குப் பள்ளி விடுமுறை. நான், மனைவி, பையன், என் மாமியார் நாலு பேரும் வாடகைக் காரில் கம்பம் வழியாக மலையேறினோம். பெரியாறு ஏரியில் படகுச் சவாரி முடிந்தது. சாயங்காலம் களரி பார்க்க டிக்கெட் வாங்கியிருந்தோம், அதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஏலக்காய், மிளகு விலை கேட்டுக்கொண்டே நடக்கும்போது டிரைவர் தானாக வந்து, "சார், அம்மாவுக்குக் கால் எரிச்சல்னு சொன்னாங்கள்ல, இங்க நல்ல எடம் ஒண்ணு இருக்கு, நம்ம பார்ட்டிங்க எல்லாரும் போறதுதான்" என்றார். டிரைவர் கைகாட்டும் கடைக்குப் பின்னால் கமிஷன் இருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம்தான். மிளகுக் கடையில் அதனால் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூடப் போகும், அவ்வளவுதான். இங்கே போனது வேறு.

வாசல் போர்டில் 'ஆயுர்வேத' என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே வைத்தியர் யாரும் இல்லை. வரவேற்பில் ஒருவர், கால் கழுவிவிட ஒரு பெண், ஒரு மெஷின். ஆளுக்கு 1,200 ரூபாய், அரை மணி நேரம் என்றார்கள். சர்க்கரை இருக்கிறதா, பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்களா, காலில் புண் உண்டா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அத்தைக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை. அதை என் மனைவி வலியப் போய்ச் சொன்னாள். "சுகருக்குத்தான் மேடம் இது ரொம்ப நல்லது. பத்து சிட்டிங் எடுத்தா மாத்திரையையே குறைச்சுக்கலாம்" என்று பதில் வந்தது.

அம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எதிர் பெஞ்சில் நானும் பையனும். அந்தப் பெண் டப்பில் வெந்நீர் ஊற்றி, பாக்கெட்டைப் பிரித்து உப்பு போட்டாள். 'ஹிமாலய மினரல் உப்பு' என்று சொன்னாலும் நம் வீட்டுக் கல்லுப்பு மாதிரிதான் தெரிந்தது. தண்ணீருக்குள் கையகலத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு, அதற்குள் கம்பிச்சுருள், அதிலிருந்து மெஷினுக்கு ஒயர். கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

முதலில் நுரை மாதிரி குமிழி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள், அப்புறம் செம்மஞ்சள். மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த போர் மோட்டாரைப் போட்டால் முதலில் ஒரு தண்ணீர் வருமே, பாதி நேரம் ஆவதற்குள் அந்த நிறத்துக்கு வந்துவிட்டது. நீச்சல் குளத்து வாடை வேறு. சுவரில் ஒரு கலர் சார்ட்: மஞ்சள் என்றால் சிறுநீரகம், செம்மஞ்சள் என்றால் மூட்டு, பழுப்பு என்றால் கல்லீரல், கறுப்புப் பொட்டு தெரிந்தால் உலோக நச்சு, வெள்ளை நுரை வந்தால் நிணநீர். வரவேற்பில் இருந்தவர் வந்து எட்டிப் பார்த்து, "பாருங்க, லிவர்ல எவ்ளோ தேங்கியிருக்கு" என்றார். அத்தைக்கு வயது அறுபத்தெட்டு, என் மனைவிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இரண்டு டப்பிலும் ஒரே பழுப்பு, இரண்டு பேருக்கும் ஒரே கல்லீரல் கதை.

நடுவில் தண்ணீர் ஆறிவிட்டதென்று அந்தப் பெண் அத்தையின் டப்பில் இன்னும் ஒரு குவளை வெந்நீர் ஊற்றினாள். ஊற்றிவிட்டு விரலை விட்டுப் பார்த்து வெடுக்கென்று எடுத்தாள். "அம்மா, சுடுதா?" அத்தை சாதாரணமாக, "இல்லம்மா, வெதுவெதுன்னு நல்லா இருக்கு" என்றார். அந்த வெடுக்கை நானும் பார்த்தேன், "பச்சத்தண்ணி ஊத்துங்க" என்றேன், ஊற்றினாள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று யாரும் அளக்கவில்லை.

முடிந்ததும் பில். சொன்ன 1,200-க்கு மேல் 'மினரல் சால்ட்' 300, கூடவே வரி. ஜிஎஸ்டி எண் எங்கே என்றால் காட்டவில்லை. கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள். எண் இல்லாமல் வரி வசூலிக்க அவர்களுக்கு உரிமையே கிடையாது என்று சொல்லி வரியைக் கழிக்க வைத்தேன். உப்புக் காசை விடவில்லை. ஏன் இவ்வளவு ரேட் என்று கேட்டதற்கு அந்தப் பெண் வெள்ளந்தியாக ஒன்று சொன்னாள்: "அந்தக் கம்பிச்சுருள் சீக்கிரம் தேஞ்சு போயிரும் சார், அடிக்கடி மாத்தணும், அதான்."

தேய்ந்த இரும்பு எங்கே போயிற்று? அந்தத் தண்ணீருக்குள்தான் போயிற்று. அந்தப் பழுப்பு அதுதான்.

இது பள்ளிக்கூட வேதியியல். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகத் துண்டுகளை வைத்து நேர்மின்சாரம் பாய்ச்சினால் மின்னாற்பகுப்பு நடக்கும். நேர்முனையில் உள்ள இரும்பு கரைந்து துருவாகி மஞ்சள், செம்மஞ்சள், பழுப்பு என்று நிறம் மாறும். எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழி. உப்பில் இருக்கிற குளோரைடு குளோரினாக வெளியேறுவதால் அந்த வாடை. உப்பைக் கூட்டிப் போட்டால் நிறமும் சீக்கிரம் ஏறும். கறுப்புப் பொட்டு என்பது உதிர்ந்த உலோகத் துணுக்கு. நுரை, குமிழியோடு கால் எண்ணெயும் சோப்பு மிச்சமும் கலந்தது. சார்ட்டில் உள்ள ஒவ்வொரு நிறத்துக்கும் கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது, கல்லீரல் வரை போக வேண்டியதில்லை.

என் மச்சினன் கோவையில் மின்சாரத்தால் உலோக முலாம் பூசும் எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறையில் இருக்கிறான். போட்டோ அனுப்பினேன். "மாமா, இது எங்க தொட்டி மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தான். ஊருக்கு வந்ததும் மொட்டை மாடியில், காற்றோட்டமான இடத்தில், பழைய பைக் பேட்டரியும் இரண்டு இரும்பு ஆணியும் ஒரு மக்கு உப்புத் தண்ணீரும் வைத்துப் பையனுக்குச் செய்து காட்டினான். யாரும் கையோ காலோ வைக்கவில்லை. குமுளியைவிடச் சீக்கிரமாகவே பழுப்பாகிவிட்டது.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பென் கோல்டேக்கர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 2004-லேயே ஒரு நாளிதழில் எழுதிவிட்டார். இதே மாதிரி ஒரு ஸ்பாவுக்கு ஆள் அனுப்பித் தண்ணீரை முன்னும் பின்னும் சோதித்தார். மெஷின் போடுவதற்கு முன் லிட்டருக்கு 0.54 மில்லிகிராம் இரும்பு, போட்ட பின் 23.6. உடம்பின் கழிவு இறங்கியிருந்தால் யூரியா, கிரியேட்டினின் தண்ணீரில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. 2012-ல் கனடாவில் ஓர் ஆய்வு வெளியானது, செய்தவர்கள் இயற்கை மருத்துவக் கல்லூரிக்காரர்கள்தான். அதனால் அலோபதிக்காரர்களின் பொறாமை என்று யாரும் தள்ள முடியாது. ஆறு பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். தண்ணீர், சிறுநீர், தலைமுடி எல்லாவற்றையும் பரிசோதித்தார்கள். பாதம் வழியாக நச்சு உலோகம் வெளியேறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கால் வைக்காமல் ஓட்டியபோதும் மெஷினிலிருந்தே உலோகம் தண்ணீரில் இறங்கியிருந்தது.

சரி, காசுதானே, போகட்டும் என்று விட்டிருப்போம். ராத்திரி தங்கும் விடுதியில் அத்தை கால் கழுவும்போது மனைவி பார்த்தாள். பெருவிரலின் அடியில் ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம். "வலிக்குதாம்மா?" என்றால், "ஒண்ணும் தெரியலடி" என்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த வார்த்தைதான். மறுநாள் மீதி பிளானையெல்லாம் ரத்து செய்துவிட்டு நேராக மதுரைக்கு வந்து சர்க்கரை டாக்டரிடம் காட்டினோம். டாக்டர் நைலான் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையை எடுத்தார். பாதத்தில் அங்கங்கே அது வளையும் வரை அழுத்தி, "இங்க தெரியுதா, இங்க?" என்று கேட்டார். கண்ணை மூடியிருந்த அத்தை பல இடங்களில் பதிலே சொல்லவில்லை. அவர் இன்னும் அழுத்தவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

நாள்பட்ட சர்க்கரையில் பாத நரம்புகள் உணர்ச்சி இழக்கும். சூடு தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. கூடவே ரத்த ஓட்டமும் குறைவதால் சின்னக் கொப்புளம்கூடப் புண்ணாகிக் கிருமி பிடித்தால் விரலை எடுக்கும் வரை போகலாம். எரிச்சல் என்று சொல்லிக்கொண்டு அந்த மாதிரிக் காலை வெந்நீரில் ஊற வைக்கவே கூடாதாம், ஊறினால் தோல் நைந்துபோகும். குளிக்கிற தண்ணீரின் சூட்டைக்கூடக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்கச் சொன்னார். அத்தைக்கு டிரெஸ்ஸிங், ஆன்டிபயாடிக் என்று பல வாரம் ஓடியது. விரல் தப்பியது.

டப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் எழுந்ததும் தண்ணீரைக் கொட்டித் துணியால் துடைத்துவிட்டு அதே டப்பை அடுத்தவருக்கு வைத்தார்கள். போட்டுத் தூக்கியெறியும் பிளாஸ்டிக் உறை இல்லை, கிருமிநாசினி இல்லை. கலிபோர்னியாவில் 2000-ஆம் ஆண்டு ஒரே நக அழகு நிலையத்தின் கால் தொட்டிகளைப் பயன்படுத்திய 100-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கட்டி கட்டியாக வந்தது. தொட்டிக்குள் தண்ணீர் இழுக்கும் வலைக்குப் பின்னால் முடியும் அழுக்கும் சேர்ந்து மைக்கோபாக்டீரியா என்ற கிருமி வளர்ந்திருந்தது. பழுப்புத் தண்ணீரை எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள், டப்பின் ஓரத்தைப் பார்ப்பவர் இல்லை.

கிளம்பும்போது 'ராத்திரி ஒட்டிக்கொண்டு தூங்குங்கள், காலையில் கறுப்பாகிவிடும்' என்று பாதத்தில் ஒட்டும் பேட் ஒன்றையும் விற்கப் பார்த்தார்கள். நாங்கள் வாங்கவில்லை. அதுவும் இதே ரகம்தான், ஈரம் பட்டாலே கறுக்கும். கொதிக்கும் கெட்டில் ஆவியில் காட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். அமெரிக்காவில் இந்த மாதிரி பேட் விற்ற ஒரு நிறுவனத்தின் மீது மத்திய வணிக ஆணையம் 2009-ல் வழக்குப் போட்டது, அடுத்த ஆண்டே விற்கத் தடை வந்தது.

கடைக்குப் போன் செய்தேன். மன்னிப்பு வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவிலாவது பாதி கொடுங்கள் என்றேன். "நச்சு வெளிய வரும்போது அப்படித்தான் சார் கொப்புளிக்கும், நல்ல அறிகுறி" என்றார் ஒருவர். அடுத்த முறை போன் எடுக்கவில்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை வாங்கிய ஊருக்கே அலைய வேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில்லில் கடைப் பெயர் இல்லையா, யுபிஐயில் கட்டுங்கள். யார் கணக்குக்குப் பணம் போனது என்பது நிற்கும். எங்கள் விஷயத்தில் பணம் போனது ஒரு தனிநபர் கணக்குக்கு. போர்டையும் கலர் சார்ட்டையும் உள்ளே இருக்கும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தில் குற்றம், அதற்கு அந்தப் போட்டோ உதவும்.

ஆயுர்வேதத்தையே குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மின்சாரப் பெட்டிக்கும் ஆயுர்வேதத்துக்கும் சம்பந்தமே இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆசை என்றால், கேரளச் சுற்றுலாத் துறை தரச்சான்று கொடுத்த மையங்கள் உண்டு. சான்றைக் காட்டச் சொல்லுங்கள், வைத்தியர் நாடி பார்த்துக் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். இந்த மெஷினைக் காட்டினால் மட்டும், "முதல்ல யாரும் கால் வைக்காம பத்து நிமிஷம் ஓட்டுங்க, பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். காசு கொடுப்பதற்கு முன் சொல்லுங்கள்.

1915-ல் கொடுத்த புகாருக்கு எண் வந்திருக்கிறது, கடைக்கு நோட்டீஸ் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். பதில் வராவிட்டால் மதுரை ஆணையத்தில் போடுவதாக இருக்கிறோம். டாக்டர் சீட்டு, மருந்து பில், அந்தத் துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் அத்தை ஒரு கவரில் போட்டு எடுத்து வைத்துவிட்டார். டிரைவருக்கு எவ்வளவு கமிஷன் போயிற்று என்று மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.