மேவரிக்குக்குக் காசு, க்ரவுண்டப்புக்கு நேரம்: டர்பனில் ஒரு செய்தி வாசகரின் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டெய்லி மேவரிக், அமாபுங்கானே, க்ரவுண்டப் ஆகிய மூன்று இணையச் செய்தித் தளங்களையும் அப்போதைய அதிபர் ஸூமாவின் நெருக்கத்தால் அரசுப் பணத்தைச் சுருட்டியதாகச் சொல்லப்பட்ட இந்திய வணிகக் குடும்பமான குப்தாக்களின் மின்னஞ்சல்கள் வெளியான 2017இலிருந்து தொடர்ந்து வாசித்துவருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக டர்பனுக்கு வேலைக்கு வருபவர்கள், "இங்க நடக்கிற அரசியல் புரிய எதைப் படிக்கணும் சார்?" என்று கேட்டால் இவற்றைத்தான் சொல்கிறேன். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு: நாட்டு அரசியல் இவற்றில் துலக்கமாகத் தெரியும், நாம் குடியிருக்கும் குவாஸுலு-நாட்டால் மாகாணம் மங்கலாகத்தான் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2017இன் நடுவில் குப்தா குடும்பத்தின் மின்னஞ்சல்களை அமாபுங்கானேயும் மேவரிக்கும் அடுக்கடுக்காக வெளியிட்டபோது, அலுவலகத்தில் என் பக்கம் சில பார்வைகள் திரும்பின. குப்தாக்கள் உத்தரப்பிரதேசத்துச் சஹாரன்பூர்க்காரர்கள், நான் திருநெல்வேலி என்று யாருக்கு விளக்குவது? அந்த வரிசையில் என் மனதில் தங்கியது ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து ஃப்ரேடே பால் பண்ணைக் கதைதான். ஏழைக் கறுப்பின விவசாயிகளுக்கென்று மாகாண வேளாண் துறை ஒதுக்கிய பணம் எங்கெங்கோ சுற்றிவந்து, 2013இல் சன் சிட்டியில் நடந்த குப்தா வீட்டுக் கல்யாணச் செலவைக் கட்டியிருந்தது. ஏறத்தாழ 3 கோடி ராண்ட். எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று விலைப்பட்டியல் வரைக்கும் காட்டினார்கள். இந்த ஊழலை விசாரிக்க அமைத்த ஸோண்டோ ஆணையம் 2018இல் விசாரணையைத் தொடங்கியபோது எனக்குப் பாதிப் பெயர்கள் ஏற்கெனவே பழக்கமாகியிருந்தன.

மேவரிக் 2009இல் தொடங்கியது. 2018இல் சந்தாவுக்குப் பதில் உறுப்பினர் திட்டம் கொண்டுவந்தார்கள்: முடிந்ததைக் கொடு, கொடுக்காவிட்டாலும் வாசி. பூட்டு போடாததால்தான் நான் காசு கொடுக்கிறேன். நான் அனுப்பும் இணைப்பை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரும் திறந்து வாசிக்கலாம். (திறக்கிறார்களா என்பது வேறு விஷயம்.) குறை என்றால், கருத்துக் கட்டுரைகள் மலிந்துவிட்டன. ஒரே அமைச்சரவை மாற்றத்துக்கு நாலு பேர் நாலு தத்துவம் சொல்வார்கள், மாற்றப்பட்ட துறையில் அடுத்த வாரம் என்ன ஆனது என்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். நீளமும் ஒரு தொல்லை. காலை ரயில் மாதிரி ஓடும் வீட்டில் அரை மணி நேரக் கட்டுரையை யார் வாசிப்பது?

அமாபுங்கானே நேர் எதிர். பல நாள் ஒன்றும் வராது, வந்தால் ஆதாரத்தோடு வரும். மெயில் & கார்டியன் இதழோடு 2010இல் தொடங்கி 2016இல் தனியே பிரிந்த சின்னக் குழு இது. செய்தி எழுதுவதோடு நிற்காமல் நீதிமன்றத்துக்கும் போகிறார்கள். ஆசிரியர்களில் ஒருவரான சாம் சோலின் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டதை வைத்து வழக்குப் போட்டு, ஒட்டுக்கேட்புச் சட்டத்தின் சில பகுதிகள் செல்லாது என்று 2021 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றத்திடமே தீர்ப்பு வாங்கினார்கள். 2023இல் மோட்டி குழுமம் என்ற வணிக நிறுவனம், இவர்களுக்குச் சொல்லாமலேயே, தன்னிடமிருந்து கசிந்த ஆவணங்களைத் திருப்பித் தரவேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியது. ஜூலையில் அதே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த வழக்கைப் பின்தொடர்ந்ததில் இந்த நாட்டுச் சட்டம் பற்றி நான் கற்றுக்கொண்டது அதிகம்.

ஆனால் நான் அதிகம் திறப்பது க்ரவுண்டப். கேப் டவுனிலிருந்து 2012 முதல் நடக்கும் லாப நோக்கமற்ற தளம். ஆங்கிலம் எளிமை, கட்டுரை குட்டை, படம் தெளிவு. உதவித்தொகை வரிசை, குடிசைப் பகுதிக் கழிப்பறை, உள்துறை அலுவலகத்தில் தேங்கிய விண்ணப்பங்கள் என்று கொள்கை மனிதர்மேல் எங்கே போய் இடிக்கிறதோ அங்கேயிருந்து எழுதுகிறார்கள். தேசிய லாட்டரி ஆணையத்தில் நலத்திட்டப் பணம் காணாமல் போன கதையை ரேமண்ட் ஜோசப் 2018இலிருந்து விடாமல் எழுதினார். பெரிய பத்திரிகைகள் பொருட்படுத்தாத காலத்திலேயே எழுதினார். பிறகுதான் அரசின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு உள்ளே வந்தது. கட்டுரைகளை மாற்றாமல் யார் வேண்டுமானாலும் மறுபதிப்பு செய்துகொள்ளலாம் என்பதும் நல்ல ஏற்பாடு.

இவற்றோடு நான் வைத்துக்கொள்ளும் இன்னொன்று நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழுவின் தளம். இது 1995 முதல் இருக்கிறது. நாடாளுமன்றக் குழுக் கூட்டங்களில் யார் என்ன பேசினார் என்ற குறிப்புகள் அங்கே கிடைக்கும். 2025இல் மதிப்புக்கூட்டு வரியை உயர்த்தும் யோசனை பிப்ரவரியில் பட்ஜெட்டையே தள்ளிப்போட வைத்து, மார்ச்சில் அரை அரை சதவீதமாகத் திரும்பி வந்து, ஏப்ரலில் கைவிடப்பட்டதல்லவா? அப்போது தலைப்புச் செய்திகளைவிட இந்தக் குறிப்புகள்தான் எனக்கு உதவின.

சரி, மாகாணத்துக்கு வருவோம். இந்த நாட்டில் அரசு மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் மாகாண அரசின் பொறுப்பு, குழாய்த் தண்ணீர் நகராட்சியின் பொறுப்பு. நம் அன்றாடத்தைத் தீர்மானிக்கும் முடிவுகள் பிரிட்டோரியாவில் அல்ல, மாகாணத் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் டர்பன் நகர மன்றத்திலும் எடுக்கப்படுகின்றன. 2024 மே தேர்தலில் குவாஸுலு-நாட்டால் சட்டமன்றத்தின் 80 இடங்களில் முன்னாள் அதிபர் ஸூமாவின் எம்கே கட்சி 37 பிடித்தது. மற்ற நான்கு கட்சிகளான ஐஎஃப்பி 15, ஏஎன்சி 14, டிஏ 11, என்எஃப்பி 1 என்று கூட்டிக் கழித்து 41 வைத்துக்கொண்டு ஐஎஃப்பியின் தாமி என்துலி முதல்வரானார். ஒற்றை உறுப்பினர் கையில் ஒரு மாகாண அரசு! அந்த வாரம் எல்லாத் தளங்களும் பக்கம் பக்கமாக எழுதின. ஆட்சி அமைந்த பிறகு அந்தக் கூட்டணியின் சுகாதார பட்ஜெட் என்ன, எந்த மருத்துவமனையில் எத்தனை காலியிடம் என்று தேடினால் தூறல் மட்டுமே. நாடாளுமன்றக் குழுக்களுக்குக் கிடைப்பது போன்ற குறிப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சட்டமன்றத்துக்கு எங்கும் என் கண்ணில் படவில்லை. ஃப்ரேடே பண்ணையை நாடே அறிந்ததற்குக் காரணம் அதில் குப்தாக்கள் இருந்ததுதான். குப்தா இல்லாத ஃப்ரேடேக்கள் எத்தனை மாகாணங்களில் கிடக்கின்றனவோ.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, என் மாமனார் வீட்டில் பல மாதங்கள் குழாய் வறண்டு கிடந்தது. வெள்ளச் செய்தி முதல் பக்கத்தில் இருந்தவரை சரி, பிறகு லாரித் தண்ணீர் எப்போது வரும் என்பதை அவர் தெரிந்துகொண்டது கோயில் வாசலில்தான். "மாப்ளே, உங்க பேப்பர்ல என்னைக்கு வரும்னு போட்டிருக்கா?" என்று கேட்பார். போட்டிருக்காது. விதிவிலக்கும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். டோனி கார்னி மேவரிக்கில் டர்பன் கடற்கரைக் கழிவுநீர் பற்றியும், 2021 ஜூலையில் கொர்னூபியாவில் எரிந்த யூபிஎல் ரசாயனக் கிடங்கு பற்றியும் எழுதியவை இந்த ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு எழுதப்பட்டவை. கிடங்கிலிருந்து ஓடிய நஞ்சு முகத்துவாரத்தில் கலந்து கடற்கரைகளை மூட வைத்தது. இப்படி ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும், அதுதான் இல்லை.

அதே 2021 ஜூலையில் ஸூமா சிறை சென்றதும் வெடித்த கலவரத்தில் இந்த இடைவெளி என்ன செய்யும் என்று பார்த்தோம். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் டர்பனின் ஃபீனிக்ஸில் 36 பேர் உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த இரவுகளில் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பறந்த குரல் பதிவுகளைச் சரிபார்க்க உள்ளூர்ச் செய்தியாளர் யாரும் கைக்கெட்டவில்லை. தளங்களின் நல்ல கட்டுரைகள் வந்தன, எல்லாம் முடிந்த பிறகு.

பணம்தான் சிக்கல் என்பது தெரிகிறது. ஜொகன்னஸ்பர்கின் நியூ ஃப்ரேம் 2022இல் நிதி நின்றதும் மூடப்பட்டது. மேவரிக் 2024 ஏப்ரல் 15 அன்று, இதழியல் இல்லாவிட்டால் எப்படியிருக்கும் என்று காட்ட, ஒரு நாள் முழுக்கத் தளத்தை மூடிவைத்தது. செய்தி ஊடகங்களின் வருமானத்தை இணைய நிறுவனங்கள் எப்படிப் பாதிக்கின்றன என்ற போட்டி ஆணையத்தின் விசாரணை முடிந்து 2025 நவம்பரில் கூகுள் 68.8 கோடி ராண்ட் தருவதாக முடிவானது. பல ஆண்டுகளில், பல ஊடகங்களுக்குப் பிரித்துத் தரும் பணம் அது. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஒரு செய்தியாளருக்கு நாற்காலி போட அதில் மிஞ்சுமா என்று பார்க்க வேண்டும்.

இடையில் ஒன்று. பி. எஸ். ஐயர் 1908இல் டர்பனில் ஆஃப்ரிக்கன் க்ரானிக்கிள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் வாரப் பத்திரிகை நடத்தினார். ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கிய கூலிகள்மேல் போட்ட 3 பவுண்டு வரியை எதிர்த்து எழுதினார். மாகாணக் கொள்கைச் செய்தி தமிழில் வந்த ஊர் இது. இன்று தமிழில் எதுவுமில்லை, ஆங்கிலத்திலேயே ஆளைத் தேடுகிறோம்.

இப்போதைக்கு என் ஏற்பாடு இது: மேவரிக்குக்கு மாத உறுப்பினர் பணம் தொடர்கிறது, க்ரவுண்டப்புக்கு ஆண்டுக்கொரு நன்கொடை, அமாபுங்கானே மின்மடல். அடுத்த நகராட்சித் தேர்தலுக்கு முன் டர்பன் தண்ணீர்க் கணக்கை வாராவாரம் எழுதும் தளம் ஒன்று வந்தால், மேவரிக் பணத்தில் பாதியை அங்கே மாற்றிவிடுவேன்.