பேக்ட்ரேஸை எழுதும்போதே வெட்டறதா, காட்டும்போது வெட்டறதா?

நாப்பது டெஸ்ட் ஃபெயில். நாப்பதும் ஒரே ஃபைல், ஒரே லைன், ஒரே மெசேஜ்: "இந்த மாசத்துக்கு விலை கிடைக்கலை". காலைல கோத்தகிரில டீ கிளாஸை ஒரு கைல வெச்சுகிட்டு போன்ல இதைத்தான் பார்த்துட்டு நின்னேன். மறுபடி ஓட்டினா நாப்பதும் பாஸ். ஒரு தடவைன்னா போகுது விடுன்னு விட்டுடலாம், ஆனா ரெண்டு மாசத்துல இது நாலாவது தடவை, அதுவும் எப்பவுமே ராத்திரி ஓட்டத்துலதான்.

என்ன சாஃப்ட்வேர்னா, சின்ன விவசாயிங்ககிட்ட பச்சை தேயிலை வாங்கற ஃபேக்டரிக்கு கணக்கு போடறது. எடை, மழை நாள்ல இலைல நிக்கற தண்ணிக்கு கழிவு, தேயிலை வாரியம் மாசாமாசம் அறிவிக்கற விலை, கடைசில விவசாயி கைக்கு எவ்வளவு போகணும்னு. பைத்தான்ல எழுதினது, டெஸ்டுக்கு பைடெஸ்ட். டெஸ்ட் ஓடறது ஆஃபீஸ் மூலைல கிடக்கற ஒரு பழைய பிசில, நான் வீட்டுல இருந்து போன் நெட்லதான் ரிசல்ட் பார்க்கணும், அந்த நெட்டும் ஜன்னலோரமா நின்னாதான் ரெண்டு கோடு காட்டும், மழைன்னா அதுவும் இல்லை. டெஸ்ட் ஃபெயில் ஆனா எந்த ஃபங்ஷன் எதை கூப்பிட்டு கடைசில எங்க செத்துச்சுன்னு ஒரு பட்டியல் வரும், அதுதான் பேக்ட்ரேஸ், ட்ரேஸ்பேக், ஸ்டாக் ட்ரேஸ்னு சொன்னாலும் அதேதான். அதை எவ்வளவு காட்டணும்னு சொல்றது பைடெஸ்டோட டிபி ஆப்ஷன், லாக் சின்னதா வரட்டும்னு அதை "லைன்"னு வெச்சிருந்தேன். ஒரு ஃபெயிலுக்கு ஒரே ஒரு வரி. நாலு தடவை தலையை சொறிஞ்சதுக்கு அதுதான் காரணம்.

பைடெஸ்ட்ல டிபிக்கு என்னென்ன இருக்குன்னா ஆட்டோ, லாங், ஷார்ட், லைன், நேட்டிவ், அப்புறம் ஒண்ணுமே வேண்டாம்னா நோ. நாம ஒண்ணும் சொல்லலைன்னா ஆட்டோ, அதாவது முதல் ஃப்ரேமையும் (அந்த பட்டியல்ல ஒரு ஃபங்ஷனுக்கான ஒரு படிதான் ஃப்ரேம்) கடைசி ஃப்ரேமையும் விரிவா காட்டும், நடுவுல இருக்கறதை சுருக்கி காட்டும். இது ரொம்ப யோசிச்சு வெச்ச விஷயம்னு எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது. முதல் ஃப்ரேம் நம்ம டெஸ்ட், கடைசி ஃப்ரேம் செத்த இடம், இந்த ரெண்டும் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. லைன்ல செத்த இடம் மட்டும்தான் வரும். எங்க கோட்ல எல்லா டெஸ்டும் விலை எடுக்கறதுக்கு ஒரே ஹெல்பர் ஃபங்ஷனைத்தான் கூப்பிடும், சாகறதெல்லாம் அந்த ஹெல்பருக்குள்ள, அப்போ நாப்பதுக்கும் ஒரே வரிதானே வரும்.

ஊட்டில இருந்து மசினகுடிக்கு இறங்கற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் போட்டு போர்டு வெச்சிருப்பாங்க. வண்டி 22வது வளைவுல நின்னுடுச்சுன்னு சொன்னா மெக்கானிக் நேரா வந்துடுவான், அது சரி. ஆனா பிரேக் சூடாகி வாசனை வந்தது 9வது வளைவுல, அங்கிருந்தே இறக்கம் பூரா பிரேக்கை மிதிச்சுட்டே வந்தாங்கன்னு டிரைவர் சொன்னாத்தான் வியாதி என்னன்னு தெரியும். லைன் மோடு 22ன்னு மட்டும் சொல்லிட்டு போனை வெச்சுடும்.

சரி, ஹெல்பரை மறைச்சுட்டா டெஸ்டோட வரியாவது தெரியுமேன்னு கூட வேலை பார்க்கற தம்பி சொன்னான். வழி இருக்கு. ஹெல்பருக்குள்ள ட்ரேஸ்பேக்ஹைட்னு ஒரு லோக்கல் வேரியபிளை ட்ரூன்னு வெச்சா பைடெஸ்ட் அந்த ஃப்ரேமை காட்டாது. கோ மொழில இதே வேலைக்கு டெஸ்டிங் பேக்கேஜ்ல ஹெல்பர்னே ஒரு மெத்தட் இருக்கு, 2017ல 1.9 வெர்ஷன்ல வந்தது, அதை கூப்பிட்டுட்டா ஹெல்பரோட லைன் நம்பருக்கு பதிலா அதை கூப்பிட்டவனோட லைன் நம்பர் வரும். செக் மட்டும் பண்ற ஹெல்பருக்கு ரெண்டுமே அருமை. எங்க கேஸ்ல கோளாறு ஹெல்பருக்கும் அடியில, அதை மறைச்சா நாப்பது வரியும் வேற வேறயா தெரியும், காரணம் முன்னைவிட இன்னும் உள்ள போயிடும். வேண்டாம்னுட்டேன்.

அடுத்து நேர் எதிர் பக்கம் போனேன், கோபத்துல. லாங், கூடவே ஷோலோக்கல்ஸ், அதாவது ஒவ்வொரு ஃப்ரேம்லயும் இருக்கற வேரியபிள் எல்லாத்தோட மதிப்பையும் லாக்ல கொட்டறது. அஞ்சாவது தடவை அது வந்த அன்னிக்கு லாக்கை திறந்தா விஷயம் மேலயே கிடக்கு. ஒரு எக்ஸெப்ஷன் (ஓடும்போது கிளம்பற எரர்) இல்லை, ரெண்டு. முதல்ல ஒரு கீஎரர், அதாவது தேடின சாவி இல்லைங்கற எரர், சாவி "2015-01". அதுக்கு கீழ பைத்தான் வழக்கமா போடற வாக்கியம், மேல உள்ள எக்ஸெப்ஷனை கையாளும்போது இன்னொண்ணு வந்துச்சுன்னு, அதுக்கும் கீழ நாங்க எழுதின "விலை கிடைக்கலை". ஹெல்பர் கீஎரரை பிடிச்சு அழகா தமிழ்ல மாத்தி விட்டுருக்கு, லைன் மோடு அந்த கடைசி எக்ஸெப்ஷனை மட்டும் காட்டிட்டு சங்கிலியோட தலையை அறுத்துடுச்சு.

2015 எங்கிருந்து வந்துச்சு? ராத்திரி கரண்ட் போகும், அந்த பிசில தேதியை காப்பாத்தற போர்டு பேட்டரி செத்து பல நாள் ஆச்சு, கரண்ட் வந்து மெஷின் எழுந்ததும் தேதி 2015 ஜனவரி 1. எழுந்ததும் டெஸ்ட் ஓடற மாதிரி நான்தான் வெச்சிருந்தேன். நெட் வர்றதுக்கு இன்னும் கால் மணி நேரம் ஆகும், வந்ததும் தேதி தானா சரியாயிடும், காலைல நான் ஓட்டும்போது எல்லாம் பாஸ். தம்பி ஒரே கேள்விதான் கேட்டான், "அண்ணா, டெஸ்டுக்குள்ள இன்னிக்கு தேதியை ஏண்ணா எடுக்கறீங்க?" அதுக்கு பதில் சொல்லாம டீ ஆறிடுச்சுன்னு பேச்சை மாத்திட்டேன்.

அப்போ லாங்கும் லோக்கல்ஸும்தான் ஜெயிச்சுதான்னா, இல்லை. அந்த லாக்கை தம்பி சந்தோஷத்துல அப்படியே வாட்ஸ்அப் குரூப்ல போட்டான். லோக்கல்ஸ்ல என்ன இருந்துச்சு தெரியுமா, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, அதோட டெஸ்ட் டேட்டாவுக்குன்னு நாங்க சோம்பேறித்தனமா நிஜத்துல இருந்து காப்பி அடிச்ச விவசாயிங்க பேங்க் அக்கவுண்ட் நம்பர். அஞ்சு நிமிஷத்துல அழிச்சோம், பாஸ்வேர்டை மாத்தினோம், டெஸ்ட் டேட்டாவை பொய் நம்பரா மாத்தவே ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. இன்னொரு தொல்லையும் உண்டு. லோக்கல்ஸை காட்ட ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் எழுத்தா மாத்தணும், சில ஆப்ஜெக்டை எழுத்தா மாத்தறதே ஒரு வேலை, ஜாங்கோங்கற வெப் ஃப்ரேம்வொர்க்ல டேட்டாபேஸ் கேள்வியை வெச்சிருக்கற க்வெரிசெட்டை அப்படி மாத்தினா அது போய் டேட்டாபேஸை கேட்கும். எரரை பதிவு பண்ணப் போய் இன்னொரு எரரை கிளப்பறது.

இந்த இடத்துலதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. நான் இவ்வளவு நாளா எவ்வளவு நீளம்னு மட்டும்தான் யோசிச்சேன். எந்த இடத்துல வெட்டறோம்ங்கறதுதான் பெரிசு. இதை வெச்சு மத்த ஃப்ரேம்வொர்க்கை எல்லாம் பார்த்தா கதை வேற மாதிரி தெரியுது.

ரூபி மொழியோட டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் ஆர்ஸ்பெக்கை எடுத்துக்கோங்க. தன்னோட சொந்த வரிகளையும் ரூபி லைப்ரரி வரிகளையும் பேட்டர்ன் வெச்சு மறைச்சுட்டு நம்ம கோடை மட்டும் காட்டும், படிக்க அவ்வளவு சுகம். எல்லா வரியும் ஃபில்டர்ல போயிடுச்சுன்னா, எல்லாம் போயிடுச்சு அதனால முழுசா காட்டறேன்னு ஒரு வரி சொல்லிட்டு முழுசா காட்டும், அந்த நேர்மை எனக்கு ரொம்ப பிடிக்கும். எக்ஸெப்ஷனுக்குள்ள முழு பேக்ட்ரேஸும் பத்திரமாத்தான் இருக்கு, வெட்டறது காட்டும்போதுதான், வேணும்னா பேக்ட்ரேஸ் ஸ்விட்ச் போட்டு மறுபடி ஓட்டுன்னு அதோட வாதம். எதிர்ல உட்கார்ந்து ஓட்டறவனுக்கு சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆள் இல்லாம ஓடற மெஷின்ல ஸ்கிரீன்ல வந்ததுதானே பதிவு, மறுபடி ஓட்டினா அந்த எரர் வரவா போகுது?

பைத்தான் கூடவே வர்ற யூனிட்டெஸ்ட் வேற மாதிரி. ஃபெயில் ஆன நிமிஷத்துலயே ட்ரேஸ்பேக்கை எழுத்தா மாத்தி வெச்சுடும். ஏன்னா ட்ரேஸ்பேக் ஆப்ஜெக்ட் ஃப்ரேமை பிடிச்சுட்டு இருக்கும், ஃப்ரேம் அதோட லோக்கல் வேரியபிளை பிடிச்சுட்டு இருக்கும், நூறு டெஸ்ட் ஃபெயில் ஆனா நூறோட டேட்டாவும் மெமரில தொங்கும். நியாயமான பயம்தான், ஆனா எழுத்தா மாத்தினப்புறம் அதுல இருந்து வேற மாதிரி காட்ட முடியாது. இதுக்கு நடுவுல ஒரு வழி பைத்தான் 3.5ல வந்துச்சு, ட்ரேஸ்பேக்எக்ஸெப்ஷன்னு ஒரு கிளாஸ். ஃபைல் பேரு, லைன் நம்பர், ஃபங்ஷன் பேரு, எக்ஸெப்ஷன் சங்கிலி எல்லாத்தையும் எடுத்துகிட்டு ஃப்ரேமை விட்டுடும், அப்புறமா எப்படி வேணுமோ அப்படி காட்டிக்கலாம். நான் பார்த்ததுல உருப்படியான ஏற்பாடு இதுதான்.

ஜாவால ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கு. "காஸ்ட் பை" (இதனால வந்தது)ன்னு உள் எக்ஸெப்ஷனை காட்டிட்டு கடைசில "23 மோர்"னு போடும் பாருங்க, அது வெட்டு மாதிரி தெரியும், ஆனா வெட்டு இல்லை, அந்த 23 வரியும் மேல இருக்கற ட்ரேஸ்ல ஏற்கனவே இருக்கறதுதான், ஒண்ணும் தொலையலை. கெட்டது என்னன்னா, ரொம்ப அடிக்கடி ஓடற கோட்ல நல் பாயிண்டர் (இல்லாத ஆப்ஜெக்டை தொட்டா வர்றது) மாதிரி ஒரே எக்ஸெப்ஷன் திரும்பத் திரும்ப வந்தா ஜாவாவை ஓட்டற ஹாட்ஸ்பாட்டோட கம்பைலர் ஒரு கட்டத்துக்கு மேல ஸ்டாக் ட்ரேஸே இல்லாத எக்ஸெப்ஷனை வீசும், வேகத்துக்காக. அதை நிறுத்த ஒரு ஃப்ளாக் இருக்கு, டெஸ்ட் மெஷின்ல அதை நிறுத்தி வைக்கறதுதான் புத்தி. நோட் ஜேஎஸ்லயும் இதே ரகம், அதுக்குள்ள ஜாவாஸ்கிரிப்டை ஓட்டற வி8 இன்ஜின் சும்மா விட்டா 10 ஃப்ரேம்தான் எடுக்கும், பதினொண்ணாவதுல இருந்தவனை யாரும் பார்க்கவே முடியாது. ரஸ்ட் மொழி பத்தி பெரிசா சொல்ல ஒண்ணும் இல்லை, என்விரான்மென்ட் வேரியபிள் வைக்கலைன்னா பேக்ட்ரேஸே வராது, எப்படி வைக்கறதுன்னு அதுவே சொல்லும், முன்னாடியே வெச்சுட்டா பிரச்சனை இல்லை.

இப்போ நாங்க வெச்சிருக்கற ஏற்பாடு. பைடெஸ்டை நமக்கேத்த மாதிரி மாத்தற கான்ஃப்டெஸ்ட் ஃபைல்ல, டெஸ்ட் ரிசல்ட் தயாராகும்போது நம்ம கோடை நுழைக்க விடற மேக்ரிப்போர்ட் ஹுக்கை பிடிச்சு, ஃபெயில் ஆனா ட்ரேஸ்பேக்எக்ஸெப்ஷன் வழியா முழு சங்கிலியையும் அந்த பிசியோட டிஸ்க்லயே எழுதிடறோம், எதையும் வெட்டாம. ஒரு இருபது வரி கோடுதான் அது. லோக்கல்ஸ் மொத்தமா கிடையாது, நாங்களே பேரு சொல்லி வெச்ச நாலஞ்சு வேரியபிள் மட்டும்: தேதி, மாசம், எடை, கழிவு சதவீதம். போனுக்கு வர்றது வேற, அது சுருக்கம். ஒரே மாதிரி ஃப்ரேம் வரிசை இருக்கற ஃபெயிலை எல்லாம் ஒண்ணா கட்டி "இது 40 தடவை"ன்னு ஒரே என்ட்ரி. முதல்ல ஹெல்பர் வரைக்கும் உள்ள வரிசையை வெச்சு கட்டினேன், நாப்பது டெஸ்டும் நாப்பது இடத்துல இருந்து கூப்பிடறதால நாப்பது கட்டா வந்துச்சு, டெஸ்ட் ஃப்ரேமை விட்டுட்டு அதுக்கு கீழ உள்ளதை மட்டும் ஒப்பிட்டதும் சரியாச்சு. ரெண்டு கோடு நெட்ல பொசுக்குன்னு திறக்குது.

போர்டு பேட்டரியை குன்னூர்ல ஒரு வாட்ச் கடைல வாங்கி மாத்தியாச்சு, சிஆர் 2032, கடைக்காரர் கார் சாவிக்கான்னு கேட்டார். டெஸ்டுக்குள்ள தேதியையும் இப்போ நாங்களே கொடுக்கறோம், தம்பி விடலை.

எனக்கும் தம்பிக்கும் இன்னும் தீராதது ஒண்ணுதான், வரிசை. பைத்தான் கடைசியா நடந்ததை கீழ போடும், ஜாவாவும் ரூபியும் மேல போடும். ரூபியே 2.5ல டெர்மினல்ல மட்டும் பைத்தான் மாதிரி திருப்பி பார்த்துட்டு 3.0ல பழையபடி வந்துடுச்சு. போன்ல கீழ வரைக்கும் தள்ளிட்டு இருக்க முடியலைன்னு அவன் சுருக்கத்துல மட்டும் திருப்பி போட்டுட்டான், நான் முழு ஃபைலை திறக்கும்போது அது நேரா இருக்கு, ஒவ்வொரு தடவையும் ரெண்டு செகண்ட் எது மேல எது கீழன்னு முழிக்கறேன்.