செல்ஃப் எடுக்காத காரும் எட்டயபுரம் ரோடு எலக்ட்ரீஷியனும்

தூத்துக்குடியில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். இரும்பு எதுவாக இருந்தாலும் இந்தக் காற்று விட்டுவைக்காது. திரேஸ்புரம் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் பழைய பெட்ரோல் கார் பெரும்பாலும் சும்மாதான் நிற்கிறது. இந்த முறை ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டிலிருந்து ஊருக்கு வந்தபோது, எல்லோரும் திருச்செந்தூர் போகலாம் என்று சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், செல்ஃப் எடுக்கவில்லை.

முதலில் சாலை உதவி எண்ணுக்கு அழைத்தோம். பெயர் வேண்டாம். ஆள் சீக்கிரம் வந்தார், மரியாதையாகப் பேசினார். கையோடு கொண்டுவந்த பேட்டரியிலிருந்து கேபிள் போட்டதும் வண்டி உடனே கிளம்பிவிட்டது. "பேட்டரி போயிட்டு சார், மாத்திருங்க" என்றார். பேட்டரிக் கடையிலும் அதே பேச்சு. பழையதை எடுத்துக்கொண்டு புதியதுக்கு 4,200 ரூபாய் கேட்டார்கள். இருக்கிற பேட்டரிக்கு வாரண்டியே முடியவில்லை என்று அப்பா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இத்தனைக்கும் இரண்டு இடத்திலும் வோல்ட் அளக்கும் மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது அதில்தான். வாங்காமல் திரும்பினோம். மறுநாள் காலையில் மறுபடியும் அதே 'டக்'.

அப்புறம்தான் அத்தான் எட்டயபுரம் ரோட்டில் இருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைச் சொன்னார். பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். சரி, அது ஊர் வழக்கம். வந்ததும் எதையும் கழற்றவில்லை. எலி எதையாவது கடித்திருக்கிறதா என்று வயர்களை ஒரு பார்வை பார்த்தார். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். வெளிச்சம் குறையவே இல்லை. "பேட்டரி செத்திருந்தா லைட்டு மங்கணும்லா அண்ணாச்சி?"

பிறகு மீட்டரை வைத்தார். பேட்டரியில் 12.5 வோல்ட். சாவியைத் திருப்பும்போதும் 12.3-க்குக் கீழே போகவில்லை. என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் ஒழுங்காக இழுத்தால் நல்ல பேட்டரியே பத்து, பதினொன்றுக்கு இறங்கும். இங்கே இறங்கவே இல்லை என்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போய்த் திரும்பும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. அடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் இன்னொன்றை என்ஜின் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடத்தில் எட்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

என்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பேட்டரியின் நெகட்டிவ் இணைந்திருக்கும் பாடியோடு அதற்கு மின் தொடர்பு கிடையாது. தடித்த ஒரு எர்த் வயர்தான் இரண்டையும் இணைக்கிறது. கீழே குனிந்து டார்ச் அடித்துக் காட்டினார். அந்த வயரின் முனை பச்சை பூத்து, போல்ட்டைச் சுற்றி துரு உதிர்ந்துகொண்டிருந்தது. அதையும் உடனே மாற்றிவிடவில்லை. ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து நெகட்டிவ்விலிருந்து நேராக என்ஜினுக்குக் கொடுத்தார். அதே பேட்டரி, அதே செல்ஃப், வண்டி முதல் திருப்பலிலேயே கிளம்பியது.

முந்தின நாள் கேபிள் போட்டதும் ஓடியதன் ரகசியமும் அப்போதுதான் விளங்கியது. உதவிக்கு வந்தவர் நெகட்டிவ் கேபிளின் கறுப்புக் கிளிப்பை, முறைப்படி, என்ஜின் இரும்பில்தான் மாட்டியிருந்தார். அதனால் கெட்டுப்போன எர்த் வயர் வழியே போக வேண்டிய தேவையே இல்லாமல் வெளிப் பேட்டரி வேலை செய்துவிட்டது. பழி எங்கள் பேட்டரிமேல் விழுந்தது. 4,200 கொடுத்து மாற்றியிருந்தாலும் 'டக்'தான் கேட்டிருக்கும்.

புது வயர், உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தது, மேலே வாசலின் தடவியது, கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். ஷ்டுட்கார்ட்டில் ஒர்க் ஷாப்காரர் ஒரு மணி நேரக் கூலியாக மட்டுமே நூறு யூரோவுக்கு மேல் கேட்பார். ஆனால் அங்கே பில் வரும், வேலைக்கு உத்தரவாதம் வரும். இவரிடம் பில் கேட்டதற்குச் சிரித்தார். "திரும்ப நின்னா போன் போடுங்க" என்று அப்பாவின் போனில் தன் எண்ணை அடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வண்டிக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அந்த வண்டிக்காரரிடம் எத்தனை மணி சொல்லியிருந்தாரோ தெரியாது.