தோப்பில் கேமரா, கையில் போன்: போர்ட் ஃபார்வர்டிங்கோடு மூன்று வருடம்

சோழவந்தான் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு. மோட்டார் அறையில் இரண்டு முறை வயர் திருடு போனதும் நான்கு கேமராவும், அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் ஒரு என்விஆர் பெட்டியும் வாங்கி மாட்டினோம். நான் இருப்பது மதுரை அண்ணா நகரில். இங்கிருந்தே தோப்பைப் பார்க்க வேண்டும் என்றுதான் போர்ட் ஃபார்வர்டிங்கில், அதாவது இணையத்திலிருந்து ரவுட்டருக்கு வருவதை உள்ளே இருக்கும் பெட்டிக்குத் திருப்பிவிடும் வேலையில், கை வைத்தேன்.

அமைப்பது பத்து நிமிட வேலை. என்விஆருக்கு 192.168.1.50 என்ற முகவரியை ரவுட்டரிலேயே நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, வெளியிலிருந்து 8000, 554 போர்ட்டுகளுக்கு (எண்ணிட்ட வாசல்களுக்கு) வருவதை அங்கே திருப்பிவிட்டேன். ஒதுக்காமல் விட்டால், கரண்ட் போய் வந்த பிறகு பெட்டி வேறு முகவரியை வாங்கிக்கொள்ளக்கூடும். நாம் எழுதிய விதி குடிபோன வீட்டுக்குக் கடிதம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

எல்லாம் சரி, படம்தான் வரவில்லை. இரண்டு நாள் அதே விதியை அழித்து அழித்து எழுதினேன். கடைசியில்தான் ரவுட்டரின் வான் முகவரியை, அதாவது இணைய நிறுவனம் அதற்குக் கொடுத்த வெளிப்பக்க முகவரியைப் பார்த்தேன்: 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை எதில் தொடங்கினாலும் அது சிஜிநாட். இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது என்று பொருள். தெருக்கதவு அவர்கள் பூட்டில் இருக்கும்போது நம் அறைக்கதவைத் திறந்து வைத்து என்ன பயன்? தனியாகப் பணம் கட்டிப் பொது முகவரி வாங்கினேன். முதல் நாளே இதைப் பார்த்திருக்க வேண்டும். இன்னொன்று: தோப்பு வைஃபையிலேயே இருந்துகொண்டு வெளி முகவரியைச் சோதிக்காதீர்கள். பல ரவுட்டர்கள் அப்படித் திரும்பி வர விடுவதில்லை. மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

சில மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் என்விஆரின் பதிவேட்டைத் திறந்தால், நள்ளிரவு முழுக்க ‘அட்மின்’ என்ற பெயரில் தோற்றுப்போன நுழைவுகள், வரிவரியாக. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களில் இப்படித்தான் புகுந்தது. என் கடவுச்சொல் வலுவானதுதான். ஆனால் பெட்டியின் மென்பொருளில் ஓட்டை இருந்தால்? அன்றே இரண்டு போர்ட்டையும் மூடினேன், கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியையும் அணைத்தேன். ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியில் வயர்கார்ட் என்ற விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) மென்பொருளை நிறுவி, அதற்கான 51820 யுடிபி போர்ட்டை மட்டும் திறந்தேன். சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது.

குறை இல்லாமல் இல்லை. சித்தப்பா போனில் விபிஎன்னை இயக்க மறந்துவிட்டு, “தம்பி, தோப்பைக் காணோம்” என்று அழைப்பார். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சிறு யுபிஎஸ் வைத்த பிறகுதான் மின்வெட்டு நேரத்தில் இணைப்பு அறுபடாமல் இருக்கிறது. இப்போது மிச்சமிருக்கும் தொல்லை சிலந்தி. இரவில் அகச்சிவப்பு ஒளியில் மூன்றாம் கேமரா முழுக்க வெள்ளை நூலாகத் தெரிகிறது. அதற்கு ஆள் அனுப்பித் துடைப்பத்தால்தான் தட்ட வேண்டியிருக்கிறது.