வலையா, லிக்விடா, கிரீமா: செட்டிநாட்டு வீட்டில் சின்னக் குழந்தைக்கு எது காவல்?

கொசு விரட்டும் லிக்விட் மெஷின் மூடிய சிறு அறைக்கென்று செய்யப்பட்ட பொருள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளிலோ நடுவில் வளவு என்னும் முற்றம் வானம் பார்த்துத் திறந்து கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள அறைகளில் தேக்குக் கதவைச் சாத்திவிட்டால் காற்று நகராது. ஒரே வீட்டுக்குள் மிகத் திறந்த இடமும் மிக மூடிய இடமும் இருப்பதால், வளவில் வைத்த மருந்து ஆகாயத்தோடு போகிறது; அறையில் வைத்தது குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது. எதை வாங்குவது என்பதைவிட, குழந்தை எந்த நேரத்தில் எங்கே கிடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நேரம் ஏன் முக்கியம்? டெங்குவும் சிக்குன்குனியாவும் பரப்பும் ஏடிஸ் பகல் கொசு. காலையிலும் பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரத்திலும் அதன் கடி அதிகம். முழங்காலுக்குக் கீழேதான் பெரும்பாலும் உட்காரும். இரவில் காதருகே ரீங்காரம் போடுவது பெரும்பாலும் சாக்கடைத் தண்ணீரில் வளரும் க்யூலெக்ஸ். இரவில் மட்டும் மெஷினைப் போட்டுவிட்டு, பகல் தூக்கத்தில் பிள்ளையைத் திறந்த தொட்டிலில் விடுகிற வீடுகளே அதிகம். டெங்கு அங்கேதான் நுழைகிறது.

கொசுவலை

எங்கள் தீர்ப்பு முதலிலேயே: படுத்திருக்கும் குழந்தைக்கு வலைக்கு ஈடாக வேறொன்றும் இல்லை. இரண்டு மாதம் முடியாத குழந்தைக்குத் தோலில் எந்தக் கொசு கிரீமும் தடவக்கூடாது என்பதால், அந்த வயதில் வலைதான் முழுக் காவல். பகலுக்கும் இரவுக்கும், வளவுக்கும் அறைக்கும், கரண்ட் இல்லாத நேரத்துக்கும் அது ஒன்றே பொருந்தும்.

வாங்கும்போது வலையின் கண்ணைப் பாருங்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண் உள்ள வலை கொசுவை நிறுத்தும், காற்றும் வரும். குடை மாதிரி மடக்கும் குட்டி வலைகளில் ஒரு குறை உண்டு. உள்ளே இடம் குறைவு. நாலு மாதக் குழந்தை புரண்டு கையை வலையில் ஒட்டிவைத்தால், கொசு வெளியிலிருந்தே குத்திவிடும். வலைக்கும் உடம்புக்கும் எல்லாப் பக்கமும் ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். அதனால் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு மெத்தைக்கடியில் செருகும் வலையே மேல். செருகாமல் தரையில் தொங்கவிட்டால் கொசு கீழ்வழியாக உள்ளே போய் மாட்டிக்கொண்டு இரவு முழுக்கக் கடிக்கும். செருகியபின் டார்ச் அடித்து உள்மூலைகளை ஒருமுறை பாருங்கள்.

சேலைத் தொட்டிலுக்குத் தனிக் கவனம் வேண்டும். குழந்தையின் எடையில் துணி இழுபட்டு முதுகோடு ஒட்டி நிற்கும்; மெல்லிய சேலைத் துணியைக் கொசு கீழிருந்து சுலபமாகத் துளைக்கும். மேலே மட்டும் வலை போட்டுப் பயனில்லை. அடியில் பருத்திப் போர்வையை நாலாக மடித்து விரித்து, அதே கொக்கியிலிருந்து நீளமான வலையைத் தொட்டிலின் அடிவரை இறக்கி, கீழே மூடுங்கள். நாடா, கயிறு எதுவும் குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது, கழுத்தில் சுற்றும்.

டெல்டாமெத்ரின் என்னும் பூச்சிமருந்து ஏற்றிய வலை கொசுவைக் கொல்லவும் செய்யும். புதிதாகப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் விரித்துவிட்டுப் பிறகு கட்டுங்கள். துவைத்தால் சாதாரண சோப்பு போதும், ப்ளீச் வேண்டாம், காய்வதும் நிழலில்தான். ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயதில், குழந்தைக்கு எட்டும்படி தொங்கும் தொட்டிலுக்கு மருந்தில்லாத வலையே சரி.

சன்னலுக்கு வலை அடிப்பதானால், வெல்க்ரோவை மரச்சட்டத்தில்தான் ஒட்ட வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஒட்டினால் பூச்சோடு உரிந்து வரும். வளவின் மேல் இருக்கும் இரும்புக் கம்பிவலை குரங்கையும் திருடனையும்தான் தடுக்கும்.

சுருளா, லிக்விடா?

சுருள் வேண்டவே வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சன்னல் சாத்திய அறையில் அதை எட்டு மணி நேரம் குழந்தை இழுக்கிறது. வேப்பிலைப் புகையும் நொச்சிப் புகையும் இயற்கை என்பதால் தப்பிக்க முடியாது, புகை புகைதான். போடுவதானால் குழந்தையை வெளியே வைத்துப் போட்டு, புகை முழுக்க அடங்கியபின் உள்ளே கொண்டுவாருங்கள். மூச்சிரைப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அதுவும் கூடாது.

லிக்விட் இதைவிடத் தேவலை. அதிலுள்ள டிரான்ஸ்ஃப்ளூத்ரின் என்னும் கொசு மருந்தின் ஆவியில் புகை இல்லை. படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டு, குழந்தையின் தலைமாட்டிலிருந்து தள்ளி, அறையின் மறுமூலை பிளக்கில் வையுங்கள். வலை அடித்த சன்னல் திறந்திருக்கட்டும். இருமலோ தும்மலோ வந்தால் நிறுத்திவிடுங்கள். வளவில் போடுவது காசுக்குக் கேடு.

பெரிய ஆபத்து ரீஃபில் பாட்டிலில் இருக்கிறது. அதிலுள்ள கரைப்பான் மண்ணெண்ணெய் ரகம். தவழும் குழந்தை கீழ் பிளக்கிலிருந்து பிடுங்கி வாயில் வைத்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியில் அது நுரையீரலுக்குள் இறங்கும். உப்புத் தண்ணீரும் கொடுக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

விளையாடும் பிள்ளைக்குக் கிரீம்

முகப்பிலும் தெருவிலும் ஓடும் பிள்ளைக்கு வலை உதவாது. அங்கே கிரீமின் முறை. இங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் பெயர்பெற்ற கிரீமில் 12 சதவீதம் டைஎத்தில் பென்சமைடு என்னும் கொசுவிரட்டி மருந்து. டீட், பிகாரிடின் என்னும் வேறு கொசுவிரட்டி மருந்துகள் உள்ளவையும் உண்டு. டீட் 10 சதவீதம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தாங்கும். பிள்ளைகளுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் மூன்று வயதுக்குள் ஆகாது. அட்டையில் அச்சிட்ட வயது வரம்பைப் படித்தபின் வாங்குங்கள்.

கிரீமை உங்கள் கையில் எடுத்துப் பூசுங்கள். பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். திறந்த தோலில் மட்டும், மெல்லியதாக. விரல்கள், கண், வாய், சிராய்ப்பு இவற்றை விட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பலன் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் கன்னத்திலும் கையிலும் பூசிவிட்டு, ஏடிஸ் தேடிவரும் கணுக்காலை மறந்தவர்கள்.

மணிக்கட்டுப் பட்டையும் சட்டையில் ஒட்டும் ஸ்டிக்கரும் காவல் ஆகாது. பட்டை கட்டிய கையிலேயே முழங்கைக்கு மேல் கொசு கடிக்கும். அந்தப் பணத்துக்கு வெளிர் நிறத்தில் தொளதொளவென்று முழுக்கை, முழுக்கால் பருத்தி உடுப்பு இரண்டு வாங்கலாம்.

மின்விசிறியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கொசு வலுவாகப் பறக்கும் பூச்சி அல்ல. பட்டாலையில் பிள்ளை உட்கார்ந்து சாப்பிடும்போது ஸ்டாண்டு ஃபேனைக் கால் மட்டத்தில் ஓடவிட்டால் கடி நன்றாகவே குறையும்.

பிறப்பிடம்

வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டு வளவில் ஐப்பசி மழை தேங்கினால், உங்கள் வீட்டுத் தடுப்பு எல்லாம் இரண்டாம் வரிசைதான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கூரைத் தண்ணீர் பிடிக்கும் அண்டா, கல்தொட்டி, ஃப்ரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். பூட்டிய வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, வாரம் ஒருமுறை அவரைக் கொண்டு திறந்து பார்க்கச் செய்யுங்கள்.

கடித்தபின்

சோப்புத் தண்ணீரில் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் பத்து நிமிடம் ஒத்தடம்; பிறகு கலமைன் லோஷன். பெரும்பாலான கடிக்கு இவ்வளவே போதும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சொறிந்து புண்ணாவதுதான் பின்னால் தொல்லை.

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் கோடாலித் தைலம் இல்லாத வீடு இங்கே அபூர்வம். அப்பத்தாவின் மூட்டுக்கு அது இருக்கட்டும்; குழந்தைக்கு வேண்டாம். அதிலுள்ள கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் வாய்க்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோகும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்ப்பதும் அதே கணக்கு. சுண்ணாம்பு பிஞ்சுத் தோலை வேக வைக்கும். வேப்பெண்ணெயை ஒரு சொட்டும் உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். கைக்குழந்தைகளுக்கு மூளைப் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது.

அரிப்பு அடங்காவிட்டால் மருத்துவரைக் கேட்டு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன், மெல்லிய பூச்சாக, சில நாட்கள் மட்டும். கடையில் கேட்டதும் கொடுக்கும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த கிரீம் இதற்கு மாற்று அல்ல. பிஞ்சுத் தோலை மெலியவைக்கும்.

கடித்த சில மணி நேரத்திலேயே கண்ணிமையோ காதோ பெரிதாக வீங்கினால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. ஒத்தடத்துக்கும் மருத்துவர் தரும் செட்ரிசின் சிரப்புக்கும் அடங்கும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிவப்பு பரவி, தொட்டால் வலித்து, சீழோ காய்ச்சலோ வந்தால் அது கிருமித்தொற்று. அதற்கு வேறு மருந்து.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் மருந்து எதுவும் கொடுக்காமல் நேராக மருத்துவரிடம். மற்றவர்களுக்கு அளவு கிலோவுக்கு 15 மி.கி. வரை, ஆறு மணி நேர இடைவெளியில். 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி.: 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப்பானால் 6 மி.லி., 250 மி.கி. உள்ளதானால் 3 மி.லி. பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகும், லேபிளைப் பாருங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் மோசமான நாள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, சோர்ந்து கிடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் அப்போதே கிளம்புங்கள்.