உண்மைச் சம்பவப் படங்கள்: சேலத்தில் திரையிட எது தேறும், எது தேறாது?

'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்ற எழுத்து திரையில் வந்துவிட்டால் போதும், பாதிப் பேர் அதற்கப்புறம் எதையும் கேள்வி கேட்பதில்லை. மீதிப் பேர் படம் முடிந்ததும் 'அப்படியெல்லாம் நடக்கவே இல்லை' என்று மொத்தத்தையும் தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே படத்துக்கும் வரலாற்றுக்கும் நியாயம் செய்வதில்லை. கீழே உள்ள படங்களை எடைபோட ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறோம். காட்சியை மாற்றினால் மன்னிக்கலாம், காரணத்தை மாற்றினால் மன்னிக்கக் கூடாது. மூன்று சந்திப்பை ஒன்றாக்குவது, பேசாத வசனத்தைப் பேச வைப்பது, பத்து வருஷத்தை ஒரு பாட்டில் கடத்துவது எல்லாம் சினிமாவின் தொழில். யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்பதில் கை வைத்தால் அது பழுது. தெரு நூலகத்திலோ, பள்ளியிலோ, ஏற்காட்டில் எஸ்டேட் மன்றத்திலோ படம் போட்டுப் பேச நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959). சேலத்துக்காரர்களுக்கு இதில் தனி உரிமை உண்டு. படமாவதற்கு முன் இது நாடகம். சிவாஜி நாடக மன்றம் அதை 1957-ல் முதன்முதலாக மேடையேற்றியது சேலத்தில்தான். படம் பார்க்கும்போது அந்த மேடை வாசனை நன்றாகவே தெரியும். ஆட்கள் பக்கவாட்டில் வரிசையாக நிற்பார்கள், பேசுகிறவர் நடுவில் வருவார், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி குரல் எழும். கம்பெனி கலெக்டர் ஜாக்சன் துரைக்கு முன்னால் கட்டபொம்மன் வரியைப் பற்றிப் பேசும் பேச்சு சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்து. கம்பெனி ஆவணத்தில் தேடினால் கிடைக்காது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டோம். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் அந்தச் சந்திப்பு நடந்தது, கைகலப்பு ஆனது, லெப்டினன்ட் கிளார்க் செத்தார். அந்த அறையில் இருந்த சூட்டைத்தான் வசனம் நமக்குக் கடத்துகிறது.

விவாதத்துக்கு எடுக்க வேண்டிய இடம் அதற்கு அடுத்தது. அந்தச் சந்திப்பைப் பற்றிக் கம்பெனியே விசாரணை வைத்தது. தப்பு ஜாக்சன் மேல் என்று அவரைப் பதவியிலிருந்து தூக்கியது. அப்படியிருக்க, அடுத்த வருஷமே, 1799 அக்டோபர் 16-ல், அதே கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது ஏன்? நடுவில் என்ன மாறியது? மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு விழுந்தார். மைசூர்ப் போரில் மாட்டிக்கொண்டிருந்த படை விடுபட்டது. செப்டம்பரில் கம்பெனிப் படைத் தளபதி பானர்மன், கட்டபொம்மனின் கோட்டையான பாஞ்சாலங்குறிச்சி வாசலில் நின்றார். படம் மட்டும் பார்த்தவர் மனதில் ஒரு வீரனும் ஒரு துரோகியும் மிஞ்சுவார்கள். இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்தால் ஒரு கம்பெனியின் கணக்கு தெரியும். 1792-ல் இரண்டு காரியம் நடந்தது: தெற்கே பாளையக்காரர்களிடம் நேரடியாகக் கிஸ்தி வசூலிக்கும் அதிகாரம் நவாப்பிடமிருந்து கம்பெனிக்குப் போனது, வடக்கே நம் சேலம் பாராமகால் திப்புவிடமிருந்து கம்பெனிக்குப் போனது. இதைச் சொன்னால் சேலத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எட்டப்பன் விஷயத்தையும் விட்டுவிடக் கூடாது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். ஆனால் வசவுச் சொல்லாக ஊர் வாயில் நிலைத்தது எட்டயபுரத்தார் பெயர். அவர் கம்பெனி பக்கம் நின்றது உண்மை, காட்டிக்கொடுத்த கை அவருடையதல்ல. சக்திமிக்க ஒரு படம் ஒரு பரம்பரையின் பெயருக்கு என்ன செய்யும் என்று பேச இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

திரையிடும்போது ஒரு எச்சரிக்கை. இது அகலத் திரைக்கு எடுத்த படமல்ல, பழைய 4:3 சட்டம். புரொஜெக்டரை 16:9-ல் விட்டுவிட்டால் படம் இரு பக்கமும் இழுபட்டு, சிவாஜியின் முகம் பூசணிக்காய் மாதிரி அகன்றுவிடும், குதிரைக்குக் கால் குட்டையாகிவிடும். மெனுவில் 4:3 என்று மாற்றுங்கள். இரு பக்கமும் கருப்புப் பட்டை விழும், விழட்டும். 'ஜூம்' போட்டு நிரப்பினால் தலைப்பாகை வெட்டுப்படும். பழைய படத்தின் ஒலி ஒற்றைத் தடம். இரண்டு ஸ்பீக்கரை அரங்கத்தின் இரண்டு மூலையில் வைத்தால் வசனம் எதிரொலித்துக் குழம்பும். திரைக்கு அடியில், நடுவில், சேர்த்து வையுங்கள். படம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். இடைவேளையில் இருபது நிமிஷம் விடாமல் ஓட்டினால் கயத்தாறு வருவதற்குள் கூட்டம் பாதியாகிவிடும்.

'பரதேசி' (2013) ஏற்காட்டில் போட வேண்டிய படம் என்று எல்லோருக்கும் தோன்றும். போடலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' நாவலின் வழி வந்த கதை. டேனியல் வால்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் டாக்டராக இருந்து, தொழிலாளருக்குச் சங்கம் கட்டியவர். படத்தின் முதல் பாதியும் கங்காணி வரும் இடமும் நெஞ்சைப் பிடிக்கும். முன்பணம் நீட்டி ஆள் பிடிப்பது, வருஷக் கடைசியில் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிடித்தமாக வாசிப்பது, கூலி வாங்கப் போனவன் கடனோடு திரும்புவது... அந்தக் கணக்குக் காட்சி ஒன்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம். அங்கே பழுதே இல்லை.

பழுது டாக்டர் பாத்திரத்தில் இருக்கிறது. நாவலில் தொழிலாளி பக்கம் நிற்கிற டாக்டர், படத்தில் மதம் பரப்ப ரொட்டியோடு ஆடிப்பாடி வருகிறவராகிவிட்டார். காட்சி மாற்றம் என்று இதைக் கடந்துபோக முடியாது. அந்தத் தோட்டங்களில் நிலைமை எப்படி மாறியது, யார் போராடி மாற்றினார்கள் என்ற காரணத்தையே இது அழித்துவிடுகிறது. படம் முடிந்ததும் டேனியல் யார் என்று ஐந்து நிமிஷம் சொல்லாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, சேர்வராயன் மலை காபி மலை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். தேயிலைக் கொழுந்து வருஷம் முழுக்கக் கிள்ளும் வேலை, அதனால் ஆளைத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வரிசை வீட்டில் (லைன் வீடு) கட்டிப்போட வேண்டியிருந்தது. காபிப் பழம் பறிப்பு பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான். ஆகவே 'நம்ம மலையிலும் இப்படியே நடந்திருக்கும்' என்று ஒரே தாவலில் தாவ வேண்டாம். இங்கே பெரியவர்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் படம் வேண்டவே வேண்டாம்.

மலையில் போடுவதற்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு: சிக்னலை நம்பி இணையத்தில் நேரடியாக ஓட்டாதீர்கள், மூடுபனி நாளில் கரண்டும் போகும். புரொஜெக்டர், லேப்டாப் இரண்டையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். வீட்டுச் சந்தாவை வைத்து பொது இடத்தில் திரையிடுவது சட்டப்படி சரியில்லை, உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நூறு அங்குலத் திரைக்கு, ஜன்னலை நன்றாக மூடிவிட்டால், 3000 லூமன்ஸ் தாராளம்.

'ஜெய் பீம்' (2021) கைவினையில் இந்தப் பட்டியலிலேயே முதலிடம். 1993-ல் காவலில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாகண்ணுவின் வழக்கு. அப்போது வழக்கறிஞராக இருந்த சந்துரு ஆட்கொணர்வு மனுவிலிருந்து பிடித்து இழுத்தார். வழக்கு 2006 வரை நீண்டது. படம் அந்தப் பதின்மூன்று வருஷத்தைச் சில வாரங்கள் போல் காட்டுகிறது. இது காட்சி மாற்றம், பரவாயில்லை. ஆனாலும், நீதி இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று இளையவர்கள் நம்பிவிடாமல் அந்த வருஷங்களை எடுத்துச் சொல்ல வேண்டும்.

உண்மையான விவாதம் வேறு. ராஜாகண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர், படத்தில் இருளர் ஆகிவிட்டார். 'இரண்டு பேரும் ஒடுக்கப்பட்டவர்கள்தானே, என்ன குறைந்துபோயிற்று?' என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தீர்ப்பு, குறைந்துபோயிற்று. களவு என்றதும் போலீஸ் எந்தக் குடிசைக்குப் போகிறது என்பதன் பின்னால், சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் தழும்பு இன்றும் அரசாங்கப் பட்டியலில் சீர்மரபினர் என்ற தலைப்பில் நிற்கிறது. அதில் சேலம் மேல்நாடு குறவர், சேலம் உப்புக் குறவர் என்று நம் ஊர்ப் பெயரே இருக்கிறது. சமூகத்தை மாற்றியதால் அந்தக் காரணம் கையை விட்டு நழுவிவிட்டது. படத்தைக் கட்டாயம் போடுங்கள். அந்தச் சீர்மரபினர் பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

ஏற்காட்டில் இதைப் போட்டால் பேச்சு வாச்சாத்திக்குப் போகும், போக வேண்டும். 1992 ஜூன் 20-ல், சித்தேரி மலையடிவாரத்தில், மலையாளிப் பழங்குடி மக்களின் ஊரான வாச்சாத்தியில் அரசு ஊழியர்கள் புகுந்து நடத்திய வன்கொடுமை அது; சேர்வராயன் மலையிலும் அதே மக்கள்தான் வாழ்கிறார்கள். அந்த ஊழியர்களில் 269 பேர் மேல் வழக்கு. தருமபுரி நீதிமன்றம் 2011-ல், அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. உயர் நீதிமன்றம் 2023-ல் அதை உறுதி செய்தது. கேட்பவர்களில் சிலருக்கு அது உறவுக்காரர் ஊராக இருக்கலாம், பார்த்துப் பேசுங்கள்.

'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகத்தையும் வரலாறு என்று போடாதீர்கள், நாவல் என்று போடுங்கள். ஆதித்த கரிகாலன் கொலையில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. நந்தினி கல்கியின் கற்பனை. அவ்வளவுதான் விஷயம். 'இருவர்' (1997) பெயர்களை மாற்றிவிட்டதால் தப்பித்துக்கொண்ட படம், அழகான படம். சேலத்தில் போட்டால் ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டிவிட்டுப் போடுங்கள். டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய அந்த ஸ்டூடியோவில்தான் கருணாநிதி எழுதி எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி' உருவாகி 1950-ல் வெளிவந்தது.

ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரமும் காசும் இருக்கிறது என்றால், 'கப்பலோட்டிய தமிழன்' (1961). பணம் எப்படி ஒரு போராட்டத்தின் ஆயுதமாகிறது என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன தமிழ்ப் படம் குறைவு. இதைப் போடும் முன் கரும்பலகையில் கணக்கை எழுதுங்கள்: 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, மூலதனம் 10 லட்சம், பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பார்கள். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். வணிகம் படிக்கும் மாணவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள், அடக்க விலைக்குக் கீழே விற்றுப் போட்டியாளரைக் கொல்லும் அதே வித்தை. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை ஏன் என்பதற்குப் பதில் அந்தக் கரும்பலகையிலேயே இருக்கும்.

ஜெமினி, சாவித்திரி காதல் பகுதி சினிமாவுக்காகச் சேர்த்தது. ஆனால் அங்கே வரும் பாட்டு பாரதியாருடையது, அதனால் யாரும் எழுந்து வெளியே போக மாட்டார்கள். செக்கிழுக்கும் காட்சிக்கு முன் ஒன்றும் பேசாதீர்கள். அந்தக் கோவைச் சிறைச் செக்கு சென்னை காந்தி மண்டபத்தில் இருக்கிறது, அதைப் படம் முடிந்தபின் சொல்லுங்கள்.

சிறை வாசலுக்கு வருவோம். 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையாகி வெளியே வருகிறார். கூட்டம் இல்லை. உருக்குலைந்த ஒரு ஆள் நிற்கிறார், சுப்பிரமணிய சிவா. டி.கே. சண்முகம் அந்தச் சில நிமிஷத்தில் குரலை உயர்த்தவே மாட்டார். சிறையில் வாங்கிய தொழுநோய் அது. அந்தச் சிவா சேலம் சிறையிலும் இருந்தவர். நோயைக் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தபோது நடந்தே ஊர் ஊராகப் போனவர். 1925-ல் பாப்பாரப்பட்டியில் உயிர் விட்டார். தருமபுரி மாவட்டம் 1965-ல்தான் பிரிந்தது. அன்றைக்கு அது சேலம் மாவட்டத்து ஊர். படம் சனிக்கிழமை போட்டால், ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வேன் பிடித்து தருமபுரி வழியாகப் பாப்பாரப்பட்டி போய், அவர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் சேலம் திரும்பிவிடலாம்.